அணிலுக்குத் தகரம், காகத்துக்கு மண்ணாங்கட்டி

புரட்டாசிச் சனி விரதத்தில் காகம் சாப்பிட்ட பிறகுதான் நாங்கள் சாப்பிடுவது. கிளிநொச்சியில் எங்கள் வளவிலோ, காகத்துக்கு வைக்கிற சோற்றை அணில்கள் முந்திக்கொண்டு தின்றுவிடும். பக்கத்து வீட்டு வதனி ஒருதரம் "கா, கா" என்றாலே காகம் வந்துவிடும். "அக்கா, நான் சாப்பிட்டிட்டன். நீங்கள் இன்னும் இல்லையோ?" என்று வேலிக்கு மேலால் கேட்பாள். பசியைவிட அந்தக் கேள்விதான் என் வயிற்றை எரிக்கும்.

கடைசிச் சனியன்று ஒரு கம்பம் நட்டு, அதன்மேல் பலகை அடித்துச் சோறு வைத்தேன். அணில் ஏறாதபடி கம்பத்தைச் சுற்றிப் புதுத் தகரம் அடித்தேன். ஏறப்பார்த்த அணில் வழுக்கி விழுந்து வேலிக்கு அங்கால் ஓடியது. ஆனால் தகரத்தின் பளபளப்புக்குப் பயந்து காகமும் வரவில்லை. அது நேரே வதனி காகத்துக்குச் சோறு வைத்திருந்த இலையடியில் போய் இறங்கியது. நான் ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தேன். காகம் பறந்துவிட்டது. குசினிக்குள் அடுப்படியில் நின்ற வதனி அதைக் காணவில்லை.

இரண்டு மணிவரை அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு வாழையிலையில் சோறும் கறியும் கொண்டு வேலியடிக்கு வந்தாள்.

"அக்கா, இண்டைக்கு எனக்கும் காகம் வரேல்லை. ஒரு அணில்தான் வந்து சாப்பிட்டது. அது ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து வந்தது எண்டு நினைச்சுச் சாப்பிடுங்கோ. பசியோட இருக்காதேங்கோ."

வாங்கிச் சாப்பிட்டேன். மண்ணாங்கட்டியைப் பற்றி வாய் திறக்கவில்லை. அன்றைக்கே தகரத்தைக் கழற்றிவிட்டேன். ஆனாலும் வதனியின் பக்கம் காகம் கத்தினால், என் கண் இன்னும் நிலத்தில் மண்ணாங்கட்டியைத்தான் தேடுகிறது.