அறுபதாயிரத்தை முந்நூற்றால்

எங்கள் தீவுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவர் தெமூகிசா டீச்சர். அறுநூற்றை முப்பதால் வகுக்க, மேலே ஒரு சைபர் கீழே ஒரு சைபர் என்று அடித்துவிடும் குறுக்குவழியை அவர் சொல்லித்தர மாட்டார். பத்துப் பத்தாகக் கட்டிய தென்னை ஈர்க்குகளை முன்னால் போட்டு, அறுபது கட்டில் மூன்று கட்டு எத்தனை தடவை போகும் என்று பிரித்துப் பார்க்கச் சொல்வார். ஒரு கணக்குக்கே பாதி நேரம் ஓடிவிடும்.

அரையாண்டுத் தேர்வில் எங்கள் வகுப்பு பாதிக் கேள்வியோடு நின்றது. தலைமையாசிரியர் பெனியெலி அவரைப் பாலர் வகுப்புக்குத் தள்ளிவிட்டுக் கணக்கைத் தானே எடுத்துக்கொண்டார். ஒரே வாரத்தில் நாங்கள் சைபர் அடிப்பதில் புலிகளானோம். மார்க் கொட்டியது. டீச்சர் பதினான்கு வருடம் பாலர்களுக்கு மூக்குத் துடைத்துவிட்டுக்கொண்டு கிடந்தார்.

அப்போதுதான் அந்த வறட்சி வந்தது. கிணறுகள் உப்புக் கரித்தன. பொதுத் தொட்டியில் அறுபதாயிரம் லிட்டர். ஆட்கள் முந்நூறு பேர். மழைக்கு நூறு நாள் ஆகும் என்றார்கள். ஊர் மன்றத்தில் எழுத்தராக இருந்த லாகிதுபு என்னோடு படித்தவன். ஊர்க்கூடத்தில் பலகையில் எழுதி, கீழே இரண்டு சைபரையும் மேலே ஒன்றையும் அடித்தான். தலைக்கு இரண்டாயிரம் லிட்டர், நாளுக்கு இருபது, ஆளுக்கு ஒரு வாளி என்றான்.

டீச்சர் எழுந்தார். தலைக்கு இருநூறுதான் வரும், நாளுக்கு இரண்டே லிட்டர், வாளி வாளியாகக் கொடுத்தால் பத்து நாளில் தொட்டி காலி என்றார்.

மன்றத் தலைவராகிவிட்டிருந்த பெனியெலி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உக்காரும்மா தெமூகிசா. உன் கணக்கு லட்சணம் ஊருக்கே தெரியும்."

கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

பதினோராம் நாள் காலையில் குழாயில் காற்றுதான் வந்தது. லாகிதுபு ரேடியோவில் தலைநகரை அழைத்தான். தண்ணீர்க் கப்பல் வர ஆறு நாள் ஆயிற்று. கிணற்றுத் தண்ணீர் குடித்த என் தங்கை மகளுக்குப் பேதி கண்டது. அவள் கப்பலைப் பார்க்கவில்லை.

உடனே தகவல் கொடுத்தானாம், அதற்காக லாகிதுபுவுக்குப் பூமாலை போட்டார்கள். அன்று மாலை அவன் டீச்சர் வீட்டுக்குப் போனான். துணைக்கு என்னையும் கூட்டிப்போனான்.

"டீச்சர், கப்பல்ல வந்த அதிகாரிங்க கேட்டா, அந்தக் கணக்க பத்தி எதுவும் சொல்லிடாதீங்க."

"அன்னிக்கு ஊரையே வெச்சுக்கிட்டுத்தானே சொன்னேன், லாகி. யார் காதுல விழுந்துச்சு?"

அவர் என்னைப் பார்த்து, தங்கை சாப்பிடுகிறாளா என்று கேட்டார்.