முதல் விருப்பம்: வெல்டர்

எங்கள் அடுக்ககத்தில் படிவம் நிரப்புவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. ஆதார் திருத்தம், பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை, மின் இணைப்பில் பெயர் மாற்றம் என்று எதுவானாலும், ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது ஒருவர் காகிதக் கட்டோடு எங்கள் கதவைத் தட்டுவார். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து வானகரத்தில் குடியேறிப் பன்னிரண்டு வருடமாகிறது. பிழைப்பு மென்பொருள் சோதனை. அதாவது, அடுத்தவர் செய்ததில் தப்பு கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். அந்தப் புத்தி வீட்டுக்கு வந்தாலும் போவதில்லை என்று என் மனைவி சொல்வாள். அவள் சொல்வது சரிதான்.

இவ்வளவு பெருமை அடித்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. என் வாழ்நாளில் வேண்டுமென்றே நான் தப்பாக நிரப்பிய ஒரே படிவம் என் மகளுடையது.

பத்தாம் வகுப்பில் அவள் நானூற்று முப்பத்தொன்று வாங்கினாள். ரிசல்ட் வந்த அரை மணி நேரத்தில் தென்காசியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் போன் மேல் போன். யாரும் மார்க்கைக் கேட்கவில்லை. அது எப்படியோ எனக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: “என்ன குரூப்?” பதினொன்றாம் வகுப்பில் கணக்கும் அறிவியலும் சேர்ந்த ஃபர்ஸ்ட் குரூப் எடுத்துவிட்டால் பிள்ளை கரையேறிவிட்டது என்று அர்த்தம். வேறு எதைச் சொன்னாலும் அந்தப் பக்கம் ஒரு சின்ன மௌனம் விழும், பிறகு “அதுவும் நல்லதுதான்” என்பார்கள். துக்கம் விசாரிப்பவர்கள்கூட அதைவிட உற்சாகமாகப் பேசுவார்கள்.

அவள் படித்த பள்ளியிலேயே ஃபர்ஸ்ட் குரூப்பில் இடம் வைத்திருந்தார்கள். சேர்கிறோமா இல்லையா என்று ஒரு வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும் என்று பள்ளி அலுவலகத்து அம்மா போனில் கறாராகச் சொல்லிவிட்டார். நான் சரி என்று சொல்லி வாய் மூடுவதற்குள், தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்த மகள் பேசினாள்.

“ப்பா, நான் ஐ.டி.ஐ. போறேன். எலக்ட்ரீசியன்.”

போன வருடம் பள்ளியிலிருந்து ஒரு நாள் அவர்களை அம்பத்தூரில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்துக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். அங்கே ஒரு பலகையில் இவளையே ஒயரிங் செய்ய விட்டு, விளக்கு எரிந்ததும் கைதட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து வீட்டில் ஸ்விட்ச் போர்டு எதுவும் முழுசாக மூடியிருந்ததில்லை. அது ஒரு விளையாட்டு, தானாக ஓய்ந்துவிடும் என்று நானும் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டேன்.

“இந்த மார்க்குக்கா? சரி, பாலிடெக்னிக்காவது கேளேன்” என்றேன்.

“அங்கயும் மொதல்ல உக்காந்து எழுதணும்ப்பா. எனக்குக் கையால செய்யணும்.”

நான் மனைவியைப் பார்த்தேன். எனக்கு ஆதரவாக ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். “அவ கேக்கறதப் போட்டுத்தான் பாருங்களேன். புடிக்காம ரெண்டு வருசம் படிக்கறதுக்கு இது எவ்வளவோ மேலு” என்று சொல்லிவிட்டு அடுத்த தோசையை ஊற்றப் போய்விட்டாள். இரண்டு பேருக்கு ஒருவன். வீட்டில் ஜனநாயகம் இருப்பதன் சங்கடம் இதுதான்.

சண்டை போட்டால் மகள் இன்னும் பிடிவாதமாவாள், அது என் வழி வந்தது. அதனால் சிரித்த முகத்தோடு ஆன்லைன் விண்ணப்பத்தை நானே நிரப்பித் தருகிறேன் என்றேன். அவளும் ஒரு துண்டுக் காகிதத்தில் வரிசையாக எழுதிக் கொடுத்தாள்: எலக்ட்ரீசியன், ஃபிட்டர், ஏ.சி. மெக்கானிக். இந்த மார்க்குக்கு முதலில் எதைப் போடுகிறோமோ அதுதான் கிடைக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இங்கேதான் என் புத்தி வேலை செய்தது.

என் மகளுக்கு நெருப்பென்றால் ஆகாது. தீபாவளிக்கு எங்கள் அடுக்ககத்துக் குழந்தைகளெல்லாம் கீழே குதித்துக்கொண்டிருக்கும்போது இவள் பால்கனிக் கதவுக்குப் பின்னால் நின்று கண்ணாடி வழியாகப் பார்ப்பாள். கம்பி மத்தாப்பைக்கூட நான் கொளுத்திக் கொடுத்தால்தான் வாங்குவாள். அதையும் கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அணையும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பிடிப்பாள். பதினைந்து வயதிலும் அப்படித்தான். ஆகவே முதல் விருப்பம் என்ற கட்டத்தில் வெல்டர் என்று போட்டேன். இடம் கிடைக்கும், போய்ப் பார்ப்பாள், பொறி பறப்பதைக் கண்டு அலறியடித்துக்கொண்டு ஃபர்ஸ்ட் குரூப்புக்கு ஓடிவருவாள். யாரையும் தடுத்த பாவம் என்மேல் விழாது. அன்று எனக்கு என்மேலேயே பெருமை தாங்கவில்லை.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. வெல்டர்தான். நான் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அழுகைக்காகக் காத்திருந்தேன். அவளோ, “வெல்டர் வந்திருக்குப்பா” என்று சொல்லி என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு மாதிரி சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

“எலக்ட்ரீசியன்தான கேட்டா?” என்றாள் மனைவி.

“சிஸ்டம் அப்படிக் குடுத்திருக்கு” என்றேன். இருபது வருடமாகச் சோதனை செய்து பிழைக்கிறவன், ஒரு பாவமும் அறியாத கம்ப்யூட்டர்மேல் பழியைப் போட்டேன்.

சான்றிதழ் சரிபார்க்க அம்பத்தூருக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பள்ளிக்குப் பதில் சொல்ல வேண்டிய அதே வெள்ளிக்கிழமை. அயனம்பாக்கம் வழியாக ஸ்கூட்டரில் போனோம். வழியெல்லாம் அவள் பின்னால் உட்கார்ந்து பாடிக்கொண்டே வந்தாள். எனக்குக் கொஞ்சம் கலக்கமாக இருந்தது.

பயிற்சி ஆசிரியர் அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவர். மதிப்பெண் பட்டியலை ஒரு தரம் பார்த்தார், மகளை ஒரு தரம் பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இன்னா சார் இது? நானூத்தி முப்பத்தொண்ணு எடுத்துட்டு வெல்டருக்கு வந்துகினு கீது பாப்பா. தெரிஞ்சுதான் போட்டீங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். “எங்கப்பாதான் சார் எனக்காக செலக்ட் பண்ணாரு. ஃபார்ம் விஷயத்துல அவரு தப்பே பண்ண மாட்டாரு.”

அவள் கிண்டல் செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. எனக்குச் சுருக்கென்றது.

“எலக்ட்ரீசியன்ல ஒரு சீட்டு காலியா கீது. ஓணும்னா மாத்திக்கலாம். ஆனா நாலு மணிக்குள்ள எழுதிக் குடுத்துடணும். மொதல்ல ஒர்க்‌ஷாப்ப பாத்துக்கோங்க” என்று உள்ளே கூட்டிப் போனார்.

அங்கே வெல்டிங் செய்துகொண்டிருந்த ஒரு மாணவனிடமிருந்து பொறி பறந்ததும் என் மகள் இரண்டடி பின்னால் துள்ளி என் காலை மிதித்தாள். சத்தியமாக, அந்த நேரத்தில் எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் அவள் வெளியே ஓடவில்லை. “நான் ஒருவாட்டி பண்ணிப் பாக்கலாமா சார்?” என்று கேட்டாள். தோல் கையுறையும் மேலங்கியும் மாட்டிவிட்டார்கள். முகத்துக்கு முன்னால் பிடிக்கும் கறுப்புக் கண்ணாடியைக் கொடுத்து, வெல்டிங் கம்பியை இரும்புத் தகட்டில் தீக்குச்சி உரசுவதுபோல உரசச் சொன்னார் ஆசிரியர். முதல் உரசலில் பொறி பறந்ததும் கம்பியைக் கீழே போட்டாள். எடுத்தாள். மறுபடியும் போட்டாள். மூன்றாவது முறை அவள் தோள் நடுங்குவது எனக்குத் தெரிந்தது, ஆனால் கை நகர்ந்தது. விரல் நீளத்துக்கு ஒரு கோடு. சின்னச் சுத்தியலால் மேலே படிந்த கசடைத் தட்டி எடுத்ததும் உள்ளே பளபளவென்று தெரிந்தது. ஓரத்தில் கோணல்தான், இருந்தாலும் கோடு கோடுதான்.

“அப்பாவும் பண்ணட்டும் சார்” என்றாள்.

நான் உரசினேன். கம்பி தகட்டோடு ஒட்டிக்கொண்டது. இழுத்தேன், தகடும் சேர்ந்து வந்தது. அங்கிருந்த மாணவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

“சாரு கம்ப்யூட்டர்ல வேலயா?” என்றார் ஆசிரியர்.

“எப்படிக் கண்டுபுடிச்சீங்க?”

“மவுஸு புடிக்கிற மாரி புடிச்சிகினு கீறீங்களே சார்.”

என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். வெகுநாள் கழித்து அவள் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

வெளியே வந்து, வாசலுக்கு எதிரே இருந்த வண்டிக்கடையில் கரும்புச் சாறு வாங்கிக்கொண்டு நின்றோம். மணி இரண்டரை. எலக்ட்ரீசியனா, வெல்டரா, ஃபர்ஸ்ட் குரூப்பா என்று நாலு மணிக்குள் அவள் முடிவு செய்ய வேண்டும். அப்பா பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார் என்ற பொய்யின்மேல் நின்றுகொண்டு முடிவு செய்வாள். என்னதான் குறுக்குப் புத்தி இருந்தாலும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

“அந்த வெல்டர் விஷயம்…” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும்ப்பா. நீதான் மொதல்ல போட்டன்னு அன்னிக்கே தெரியும். விண்ணப்பத்தோட காப்பி என் மெயிலுக்கு வந்துச்சு.”

யாருடைய படிவமோ அவருடைய மின்னஞ்சலைத்தான் போட வேண்டும் என்பது என் கொள்கை. அடுக்ககம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லித்தான் திட்டுவேன். அந்தக் கொள்கை என் கழுத்தையே பிடித்திருக்கிறது.

“பின்ன ஏன் சும்மா இருந்த? கடைசித் தேதி வரைக்கும் மாத்தியிருக்கலாமே?”

“மாத்தத்தான் ஓப்பன் பண்ணேன். மொதல்ல செம கோவம் வந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். மத்தாப்புக்கே பயப்படறவ நான், அது உனக்குத் தெரியும். தெரிஞ்சும் போட்டிருக்கன்னா, இவளால முடியும்னு நெனச்சுதான போட்டிருப்ப? அதான் மாத்தல.”

அவள் பொய் சொல்லத் தெரியாதவள். அந்தக் கோணல் கோட்டை என்னை நம்பித்தான் போட்டிருக்கிறாள். அந்த நம்பிக்கையை அப்படியே வைத்துக்கொண்டால் என்ன என்று ஒரு நிமிடம் ஆசையாக இருந்தது. அடுத்த நிமிடம் வெட்கமாக இருந்தது.

“இல்லம்மா. நீ பயந்து ஓடி வந்துடுவன்னுதான் போட்டேன்” என்றேன்.

அவள் டம்ளரில் இருந்ததைக் கடைசி வரை குடித்தாள். டம்ளரைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, “இங்கயே இரு” என்று சொல்லி மறுபடியும் உள்ளே போனாள். நான் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றேன். லாரிகள் போயின, ஒரு ஷிப்ட் முடிந்து ஆட்கள் கும்பலாக வந்தார்கள், நான் மணியைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தேன். எலக்ட்ரீசியனுக்கு மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டு வரட்டும், அதுதான் எனக்குச் சரியான தண்டனை என்று தோன்றியது.

மூன்றே முக்காலுக்கு வந்தாள். மூக்கின்மேல் கரி. கையில் காகிதத்தில் சுற்றிய இரும்புத் துண்டு ஒன்று. என்னிடம் நீட்டினாள். இன்னும் சூடாக இருந்தது. மேலே ஒரு கோடு, முதலில் போட்டதைவிட நீளம், கோணலும் குறைவு.

“மாத்திட்டியா?” என்றேன்.

“மாத்தல. இப்ப நானே சொல்றேன், வெல்டர்தான். நீ நெனச்சதுக்காக இல்ல, எனக்குப் புடிச்சிருக்கு. பயமாவும் இருக்கு, புடிச்சும் இருக்கு.” பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். அந்த நிலையில் அவள் அப்படியே அவள் அம்மா. “ஆனா ஸ்கூலுக்கு நீதான் போன் பண்ணணும். இங்கயே, இப்பவே. ஸ்பீக்கர்ல.”

போட்டேன். பள்ளி அலுவலகத்து அம்மா எடுத்தார். “சொல்லுங்க சார், ஃபர்ஸ்ட் குரூப் கன்ஃபார்ம் பண்ணிடலாமா?”

“இல்ல மேடம், அந்த எடத்த வேற யாருக்காவது குடுத்துடுங்க. எம் பொண்ணு ஐ.டி.ஐ. சேர்றா. வெல்டர்.”

எதிர்பார்த்த அந்தச் சின்ன மௌனம் விழுந்தது. கரும்பு பிழியும் இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரர்கூட வேலையை விட்டு எங்களைப் பார்த்தார்.

“வெல்டரா? இந்த மார்க்குக்கா? யார் சார் செலக்ட் பண்ணது?”

மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையிலிருந்த இரும்பு இன்னும் சுட்டது.

“அவதான் மேடம்” என்றேன்.