பெம்பானுக்குக் குடிபோன இருமல்

ஓர் ஊரும் ஓர் இருமலும் காதில் ஒரே சொல்லாகிவிட்டால், ஒருவருடைய நுரையீரலுக்கு யார் பொறுப்பு? தொண்ணூறுகளின் நடுவில், மலாக்கா மருத்துவமனை ஒன்றில், வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் கேள்வி எனக்கு எழுந்தது.

என் அத்தைக்கு முடக்குவாதம். உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளால் அவருடைய விரல்கள் மறுபடி மடங்கத் தொடங்கியிருந்தன. அந்தப் பூரிப்பில், தங்கா பத்துவிலிருந்து பெம்பானுக்கு வீடு மாறியதும், சன்னல்களுக்கெல்லாம் தாமே சாயம் பூசினார். அப்போது தொடங்கி, போன முறை தாதியிடமும் சொல்லியிருந்த இருமல் மட்டும் விடவில்லை.

"பெயிண்ட் வாசம்லா, வேற ஒண்ணுமில்ல" என்றார். காய்ச்சல் இல்லாததால் வீட்டில் எல்லாரும் நம்பினோம்.

மருந்து வாங்கப் போன அன்று மலாய்த் தாதி கேட்டார்: "பாத்துக் லாகி?" இன்னும் இருமல் இருக்கிறதா என்பது பொருள். மலாய்க்காரர் வாயில் அந்தக் கடைசி 'க்' தொண்டையிலேயே நின்றுவிடும். அது 'பத்து'வாகக் கேட்டு, இன்னும் தங்கா பத்துவில்தானா என்று அத்தையின் காதில் விழுந்தது.

"தாக் ஆடா! சூடா பிண்டா பெம்பான்!" என்றார் பெருமையாக. இல்லை, பெம்பானுக்கு மாறியாயிற்று.

தாதியின் பேனா நின்றது. இருமலா மாறிவிட்டது என்று கேட்டார்.

"ஆமாம், மூன்று அறை, வாசலில் ரம்புத்தான் மரம், கணவரும் கூடவே வந்துவிட்டார்" என்று அத்தை மலாயில் அடுக்கினார்.

நான் தாதியின் முகப்பு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்துக் குலுங்கினேன்.

"ஏண்டி இளிக்கிற?"

விளக்கினேன். அத்தை வெடித்துச் சிரித்தார், தாதியும் சிரித்தார். அந்தச் சிரிப்பே அத்தைக்கு இருமலாக மாறியது, நிற்கவில்லை. உதடுகள் கறுத்தன. தாதி சக்கர நாற்காலிக்கு ஓடினார்.

எக்ஸ்ரேயில் நிமோனியா தெரிந்தது. இந்த மருந்துகள் எடுப்பவர்களின் உடல், கடும் தொற்றிலும் காய்ச்சலைக் காட்டாமல் இருக்கலாம் என்றார் மருத்துவர். இருமலுக்கு அந்த 'இல்லை' மட்டும் பதிவாகியிருந்தால், அதே மாத்திரைகளை வாங்கிக்கொண்டு பேருந்து ஏறியிருப்போம்.

மாலையில் தாதி வார்டுக்குள் எட்டிப்பார்த்தார். ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்த அத்தை கையை உயர்த்தி, "பாத்துக் சூடா பிண்டா ஹாஸ்பிட்டல்!" என்றார். இருமல் ஆஸ்பத்திரிக்கே குடிவந்துவிட்டதாம். வார்டே சிரித்தது.

முடக்குவாத மாத்திரைகளை நிறுத்தி, தொற்றைக் குணப்படுத்திய பிறகே மீண்டும் தொடங்கினார்கள். அதன்பின் இருமலைப் பற்றி யார் கேட்டாலும் அத்தை வாயால் பதில் சொல்வதில்லை, இருமியே காட்டுவார். இருமல் வந்தால், அடுத்த தவணைக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுவார்.