மங்கையர்க்கரசியின் மன்னிப்பு

பிள்ளையார்பாளையத்தில் மங்கையர்க்கரசியின் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. தறியில் உட்கார்ந்தபடியே தெருச் சண்டைகளைத் தீர்த்து வைப்பாள். சில நாள் மூட்டியும் விடுவாள். ரத்தக் கொதிப்பு ஏறி ஆஸ்பத்திரியில் படுத்தபோது, அங்கே நர்ஸாக இருந்த கங்கையம்மாள் சிநேகமானாள். செவிலிமேட்டில் கங்கையம்மாள் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் ஏழெட்டுப் பேர் கூடி, புத்தர் சொன்னதைப் பேசிவிட்டுக் கண்மூடி உட்காருவார்கள். மங்கையர்க்கரசியும் போக ஆரம்பித்தாள்.

"ஏகாம்பரநாதர வுட்டுட்டியா?" என்று தெருவில் கேலி செய்தார்கள்.

"அவர தெனம் பாத்துக்கினுதான் இருக்கேன். அங்க போறது என் கோவத்த அடக்கறதுக்கு."

கோபம் நிஜமாகவே அடங்கிக்கொண்டு வந்தது.

ஆடி மாதத்தில் ஒரு காலை, கோயிலிலிருந்து திரும்பும்போது தன் வீட்டுப் பின்வாசல் வழியாகப் பூவராகவன் வெளியே வருவதைப் பார்த்தாள். நெசவாளர் சங்கத் தேர்தலில் அவளிடம் தோற்றவர். அவளைக் கண்டதும் கையிலிருந்த பிளேடைச் சாக்கடையில் வீசிவிட்டு நடையைக் கட்டினார். உள்ளே, தறியில் பாதி நெய்திருந்த கல்யாணப் புடவையின், நீளவாக்கில் ஓடும் பாவு இழைகள் அறுபட்டுத் தொங்கின.

அழுது ஓய்ந்தபின் ஒரு முடிவுக்கு வந்தாள். கூடிய கூட்டத்திடம், "யாருன்னு கேக்காதீங்க. நான் மன்னிச்சுட்டேன்," என்றாள். எல்லோரும் 'இவளா இப்படி!' என்று வியந்தார்கள். அந்த வியப்பு அவளுக்கு இனித்தது.

அடுத்த வாரம் பேருந்து நிறுத்தத்தில் பாண்டியன் டூல்ஸ் பையோடு நின்றிருந்தான். தெருவுக்கெல்லாம் ஒயரிங் வேலை பார்ப்பவன்.

"எங்கப்பா கெளம்பிட்ட?"

"வாலாஜாபாத்துக்குக்கா. இங்க யாரும் வூட்டுக்குள்ள வுட மாட்றாங்க. உங்ககிட்ட ஃபேன் விஷயமா சண்ட போட்டேன்ல, நான்தான் பாவ அறுத்தேனாம்."

அவளுக்குச் சுரீர் என்றது. தான் பெரிய மனுஷியாக உலா வருவதற்கு இவனல்லவா அவமானப்பட்டுக்கொண்டிருக்கிறான்! மன்னிப்பு என்று பெயர் சூட்டி, ஒரு பொய்க்குக் காவல் நின்றிருக்கிறாள்.

நேரே பூவராகவன் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணா, உங்கள அசிங்கப்படுத்த வரல. உங்க மேல எனக்குக் கோவமும் இல்ல. ஆனா பழி பாண்டியன் மேல கெடக்குது. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

முதலில் சீறினார். அவள் குரலை உயர்த்தவில்லை. எழுந்து போகவும் இல்லை. கடைசியில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, "தோத்தது தாங்கலமா," என்றார்.

அன்று மாலையே, பாண்டியனையும் வரவழைத்து, சங்கத்தில் எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டார். மங்கையர்க்கரசியும் எழுந்து நின்றாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும். வாய மூடிக்கினு இருந்தது என் தப்பு. பாண்டியா, மன்னிச்சுடுப்பா."

பாண்டியன் தலையைத் திருப்பிக்கொண்டான். "இப்ப முடியாதுக்கா."

"சரிப்பா, அவசரமில்ல," என்றாள். அதில் அவளுக்கு வருத்தமில்லை.

மறுநாள் பூவராகவன், கூப்பிடாமலே, அறுந்த இழைகளை முடிச்சுப் போட்டுச் சேர்க்க வந்தார். தறிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவள். மதியம் இருவருக்கும் ரசம் சாதம் போட்டாள். வெகு நாளைக்குப் பிறகு அன்றுதான் அவளுக்குச் சாப்பாடு ருசித்தது.