சம்பந்தி ஊர்க் கோபுரம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பக்கத்து வீட்டுச் செல்வராஜ் அண்ணன் பதறிக்கொண்டு வந்தார். "தம்பி, பெரிய தப்புப் பண்ணிட்டேன். கொஞ்சம் வந்து பாருங்க!"

முதலில் அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கண்டிப் பக்கம் பிலிமத்தலாவைக்காரர். ஒரு நகர சபையில் முப்பது வருடம் வீட்டு பிளான்களைச் சரிபார்த்தவர். அரை அடி கோணல் என்றாலும் திருப்பி அனுப்பிவிடுவார். மகள் கௌசல்யா பிரான்சில் ஒரு கிராமத்துக்கு மருமகள். அவளுடைய மாமனார் அன்றுதான் முதல் தடவையாக இங்கே வருகிறார்.

சம்பந்திக்கு என்ன கொடுப்பது? தேயிலை பாக்கெட்டா? அண்ணனுக்கு மனசு வரவில்லை. சம்பந்தி தன் ஊர்ப் பழைய தேவாலயத்தை வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுபவராம். கௌசல்யா அனுப்பிய படங்களைப் பார்த்து, அண்ணன் அந்தத் தேவாலயத்தையே ரெஜிபோமில், அதாவது தெர்மோகோலில், செய்துவிட்டார்!

மேசையில் வெள்ளை வெளேரென்று நின்றது. இரண்டு கோபுரங்கள். போனில் படத்தைப் பார்த்தேன்... ஒன்றுதான்.

"மத்தது கூரையோட நின்னுபோச்சு தம்பி. அரைகுறையா எப்படி சம்பந்திக்குக் குடுக்கிறது? நானே முடிச்சிட்டேன். பின்பக்கம் கோணலா இருந்துச்சு, நேராக்கிட்டேன். இப்பதான் மக போன்ல சொல்றா, அந்தக் கோணலத்தான் அவர் எல்லாருக்கும் பெருமையாக் காட்டுவாராம்!"

விஷயம் இதுதான். தேவாலயத்துக்கு எண்ணூறு வயது. முன்பாதியில் தடித்த சுவர், அரைவட்ட வளைவு, சின்னச் சின்ன ஜன்னல். பீடம் வரை கட்டி வருவதற்குள் தலைமுறைகள் மாறின, ஃபேஷனும் மாறியது. கூர் வளைவு, நெடிய ஜன்னல். புதிய கொத்தனாரின் அளவு பழைய சுவரோடு ஒத்துப்போகவில்லை. கட்டிடம் லேசாக ஒருபக்கம் திரும்பிவிட்டது. பிறகு யுத்தம் வந்தது. இரண்டாவது கோபுரம் அப்படியே நின்றது.

நமக்கு இது புதுசா என்ன? கடுகண்ணாவையிலிருந்து கண்டி வரை மொட்டை மாடிகளைப் பாருங்கள். மேல்வீட்டுக்கென்று நீட்டி விட்ட கம்பிகள்! தாத்தா கட்டிய கீழ்வீடு, அப்பா கட்டிய மாடி, பேரன் சேர்த்த பாத்ரூம்... ஒன்றோடொன்று ஒட்டாது. ஆனாலும் ஒரே வீடுதான்.

திருத்த நேரமில்லை. வேன் வந்துவிட்டது.

கௌசல்யாவோடு சம்பந்தி உள்ளே வந்தார். மேசையைப் பார்த்ததும் குனிந்தார். இரண்டாவது கோபுரத்தை ஒரு விரலால் தொட்டார். அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியது. முதல் சந்திப்பிலேயே மகளின் மானத்தை வாங்கிவிட்டோமோ என்று அவர் தவித்தது எனக்கே பாவமாக இருந்தது.

சம்பந்தி பிரெஞ்சில் ஏதோ சொன்னார். கௌசல்யா சிரித்தாள்.

"அப்பா, அவங்க ஊர்ல இத்தனை தலைமுறையா முடிக்காத வேலைய நீங்க முடிச்சிட்டீங்களாம்!"

"மன்னிச்சுக்கச் சொல்லும்மா. இப்பவே கழட்டிடுறேன்."

சம்பந்தியே அதை மெதுவாகக் கழற்றி, அண்ணனின் கையில் வைத்தார்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டுமாம். அங்க கட்டி முடிக்கும்போது வந்து வாங்கிக்கிறாராம்."

வீடே சிரித்தது. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு இரண்டு சம்பந்திகளும் பிளேடும் கையுமாக உட்கார்ந்தார்கள். முப்பது வருடம் கோணலைத் திருப்பி அனுப்பியவர், அன்று தன் கையாலேயே கோணலாக வெட்டினார். அளவு பார்த்துத்தான்!

தேவாலயம் பிரான்சுக்குப் பறந்துவிட்டது. ஒற்றைக் கோபுரம் மட்டும் அண்ணன் வீட்டு அலுமாரியில் நிற்கிறது. நேற்று வந்த விருந்தாளி ஒருவர், அது என்ன என்று கேட்டார்.

அண்ணன் சிரிக்காமல் சொன்னார்: "சம்பந்தி ஊர்ல வேலை இன்னும் முடியலைங்க. சாமான் நம்மகிட்டதான் இருக்கு!"