பூசாத முகம்

எங்கள் கடை கம்ப்யூட்டரில் 'அஞ்சலி' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. கந்தர்வக்கோட்டையில் இருபது வருடமாக ஸ்டுடியோவும் ஃப்ளெக்ஸும் நடத்துகிறவனுக்கு அது இல்லாமல் முடியாது. இந்த இரண்டு வருடத்தில் மட்டும் கலைஞர்கள் எத்தனை பேர் அதில் வந்து சேர்ந்துவிட்டார்கள். கோயில் நாதஸ்வரக்காரர், ஜல்லிக்கட்டில் மைக் பிடித்து மாட்டுக்காரர்களை வம்புக்கு இழுத்தவர், நாடகத்தில் பபூன் வேஷம் கட்டியவர். வெயிலில் நன்றாகக் கறுத்த மனிதர்கள். ஃபோல்டரைத் திறந்தால் எல்லோரும் புதுமாப்பிள்ளை மாதிரி வெளுத்துப்போய் இருக்கிறார்கள். என் கைவேலைதான். யார் படம் வந்தாலும் நிறத்தை ஏற்றி, தழும்பு மச்சத்தைத் துடைத்துவிடுவேன். செய்யாவிட்டால் சண்டைக்கு வருகிற ஊர் இது.

ஒருத்தர் மட்டும் வேண்டாம் என்று சொன்னார். நாடகத்தில் நாற்பது வருடம் டான்ஸ் ஆடிய அக்கா, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் குடியிருந்தவர். கலைஞர்கள் நலவாரிய அடையாள அட்டைக்குப் படம் கொடுக்க வேண்டும் என்று, முகத்தைக் கழுவிப் பொட்டு மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் கடைக்கு வந்தார்.

"நாப்பது வருசமா பூசுன மூஞ்சியத்தான் தம்பி எல்லாரும் பாத்திருக்காங்க. இதுலயாச்சும் நான் இருக்கேன். ஒண்ணும் பண்ணிராதீங்க."

தலையை ஆட்டினேன். ஆட்டிய தலைக்கும் மவுஸ் பிடித்த கைக்கும் சம்பந்தமில்லை. கல்யாண ஆல்பம் வேலை தலைக்கு மேல் கிடந்தது. பழக்கத்தில் நிறத்தை ஏற்றி, கன்னத்து மச்சத்தைத் துடைத்து, எடுத்த படத்தின் மேலேயே சேவ் செய்துவிட்டேன். பிரிண்ட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தார். கம்ப்யூட்டருக்குள்ளேயும் பவுடர் டப்பா வைத்திருக்கிறீர்களா என்று கேட்டுச் சிரித்தார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான் என் புத்தி. இன்னொன்று எடுக்கலாமா என்று மெதுவாகக் கேட்டார். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றேன். எடுத்திருந்தால் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

போன ஆடியில் மாரடைப்பு வந்து இறந்துபோனார். காரியம் முடிந்த மறுநாள் காலை அவர் மகள் வந்தாள், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவள். நாடகக்காரர்கள் மேடைப் படத்தை வைத்து ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள். அவளுக்கு வேண்டியது வீட்டில் மாட்ட ஒரு படம். அவள் போனில் இருந்ததெல்லாம் ஜிகினாவும் ரோஸ் பவுடருமாக நிற்கிற அம்மாதான். வீட்டில் போனை நீட்டினால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாராம்.

"ஒங்க கடையில ஒண்ணும் பூசாம ஒரு படம் எடுத்தேன்னு அம்மா சொன்னாங்கண்ணே. அதக் குடுங்க."

நான் செய்து வைத்ததை மகளிடம்கூடச் சொல்லவில்லை அந்த மனுசி. படத்தைத் திறந்தேன். திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, மச்சம் எங்கே என்று கேட்டாள்.

மறைக்காமல் சொன்னேன். கேமரா கார்டைத் துழாவினேன். அதில் அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாணம் ஏறி இறங்கிவிட்டது. நிறத்தைக் குறைத்துப் பார்த்தேன், முகம் சாம்பல் பூத்தது. திட்டியிருந்தால் தேவலை. அவள் திட்டவில்லை. மச்சத்தையாவது வைத்துக் கொடுங்கள் என்றாள்.

சரி என்று மவுஸைப் பிடித்தேன். கை நகரவில்லை. அந்த முகத்தைத் திரை அளவுக்குப் பெரிதாக்கி, இந்தக் கையால் துடைத்த மச்சம். அது எந்தக் கன்னத்தில் இருந்தது என்று நான் அவளைத்தான் கேட்க வேண்டியிருந்தது.