காதில் விழுவதும் காது கொடுப்பதும்

ஹோட்டலின் சலவை அறையில் மூத்த மருமகள் ஆவியில் வெந்துகொண்டிருக்க, அவளுக்குப் பின்னால் வேலைக்கு வந்த ஓரகத்தி டெலிபோன் மேஜையில் ஏசிக் காற்றில் உட்கார்ந்திருந்தாள். சேர்த்துவிட்டதே மூத்தவள்தான். வயிறு எரியாமல் என்ன செய்யும்? போதாததற்கு வீட்டில் மாமியார் வேறு, “சின்னவ இங்கிலீஷ் பேசினா பாட்டு மாதிரி இருக்கு” என்பாள். மாமியாருக்கு அதில் ஒரு எழுத்தும் புரியாது.

மேஜைக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று மேனேஜர் சொன்னதும் மூத்தவள் முந்திக்கொண்டாள். சின்னவளிடம் போய்ப் படிப்பதா? செத்தாலும் மாட்டேன் என்று செல்போனில் வீடியோ பார்த்து இங்கிலீஷை மனப்பாடம் செய்தாள்.

மேஜையில் உட்கார்ந்த முதல் நாளே மாடி அறையிலிருந்து ஒரு பெரியவர் பேசினார். லைனில் ஒரே கொரகொரப்பு. கேட்கவில்லை என்று சொல்வதாக நினைத்து, “சார், ஐ ஆம் நாட் லிசனிங் டு யூ” என்றாள். அவர் கத்தினார். இவளும் கத்தி அதையே சொன்னாள். மனிதர் செருப்புகூடப் போடாமல் இறங்கி வந்துவிட்டார்.

சின்னவள் ஓடிவந்து அவரைச் சமாதானப்படுத்தி, சிரிக்கவும் வைத்து அனுப்பினாள். அந்தச் சிரிப்புதான் மூத்தவளை அதிகம் சுட்டது.

“அப்படி என்னடி தப்பா சொல்லிட்டேன்?”

“காதுல விழலைன்னா ஹியர், அக்கா. காது கொடுத்துக் கேக்கறதுதான் லிசன். அவர்கிட்டப் போய், நீ பேசறதை நான் சட்டை பண்ணலைன்னு சொல்லிட்டீங்க.”

“பாட்டு கேட்டாலும் கேள்வி கேட்டாலும் நமக்கு ஒரே கேளு. இவங்களுக்கு மட்டும் எதுக்கு இத்தனை?”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அக்கா.”

“கேட்டிருந்தா வீடு பூரா தம்பட்டம் அடிச்சிருப்பே.”

சின்னவள் முகம் சுண்டிப்போனது. ஆனால் நடந்ததை வீட்டில் மூச்சுவிடவில்லை. பெருந்தன்மையிலும் அவளே ஜெயித்துவிட்டாளே என்று மூத்தவளுக்கு இன்னும் எரிந்தது.

வேறு வழியில்லாமல் சாப்பாட்டு வேளைகளில் அவளிடமே படித்தாள், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. பார்ப்பதற்கு இங்கிலீஷில் உள்ள சீ, லுக், வாட்ச் மூன்றும் பிடிபடுவதற்குள் இருவருக்கும் பெரிய சண்டையே வந்தது. கடைசியில் மூத்தவளுக்கு மாலை ஷிஃப்ட் கிடைத்தது; காலை ஷிஃப்ட் சின்னவளுக்கே.

ஒருநாள் போனில் ஒரு அம்மாள் இங்கிலீஷில் விசாரித்தாள்: “காலையில் இனிமையாகப் பேசுவாளே, அந்தப் பெண் இல்லையா?”

“அவங்க வேலையை விட்டுட்டுப் போயிட்டாங்க, மேடம்” என்று மூத்தவள் பிழையே இல்லாத இங்கிலீஷில் சொல்லி போனை வைத்தாள்.